எஸ்தர் அக்கா கையில் திணித்த சாவி

ஜூன் 8, ஞாயிறு, காலை 9.20. கல்யாண மண்டபத்தில் விழுந்து கிடந்த எஸ்தர் அக்காவைச் சுற்றி நின்றவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் நீங்கள், நம் ஸ்கேன் சென்டர் ஆட்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் செல்வராஜ் அண்ணன் மகள் கல்யாணம். நான் ராஜபாளையத்தில் ட்யூட்டி. நம் சென்டர் ரிசப்ஷனில் இருக்கும் கணேசன் அண்ணன் மண்டபத்திலிருந்து போன் செய்தார்.

"தம்பி, எஸ்தருக்கு வலிப்பு. கையில சாவி குடுத்திருக்கோம், பயப்படாதீங்க."

"பேசுதாவளா?"

"பேச்சில்ல. வாய் ஒருபக்கமா இழுக்கு. வலது கையில சாவி நிக்க மாட்டேங்கு, நாந்தான் பொத்திப் பிடிச்சிருக்கேன்."

"அண்ணே, அது பக்கவாதம்! ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!"

"செத்த பொறுங்க. தாலி கட்டப் போறாவ. இப்பம் சைரன் கேட்டா நல்லாவா இருக்கும்?"

நானே ஆம்புலன்ஸை அழைத்தேன். வந்த வண்டியைக் கெட்டிமேளம் முடியும்வரை தெருமுனையில் நிறுத்திவைத்தீர்கள்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறையில், அங்கே டெக்னீஷியனாக இருந்த அக்காவுக்கு ஒரு டிராயர் இருந்தது. அது நிறைய இரும்புச் சாவிகள். வலிப்பு வந்தவர்கள் கையில் சொந்தக்காரர்கள் திணித்து, பிறகு மறந்துவிட்டுப் போனவை. ஒருநாள் சேத்தூர் அம்மாள் ஒருவர் மகன் கையிலிருந்த சாவியை விடமாட்டேன் என்றார். அக்கா பலகையில் ஒரு நரம்பணுவை வரைந்தார்.

"இந்தக் கிளையெல்லாம் சேதி வாங்கும். நடுவுல இருக்க உடம்பு எல்லாத்தையும் கூட்டிப் பாக்கும். நீள வால் இருக்குல்லா, அதுல கரண்டா ஓடும். மேல கொழுப்பு உறை. வால் நுனியில மருந்து மாதிரி ஒண்ணு கசிஞ்சு, இடைவெளியத் தாண்டி அடுத்த அணுவுக்குப் போகும். இதுல இரும்பு எங்கம்மா வருது?"

"சாவி இருந்தா மனசுக்கு ஒரு தெம்பும்மா."

"அப்ப நீங்க வச்சுக்கோங்க. அவன் கையில வேண்டாம்."

அந்த அம்மாளே சிரித்துவிட்டார். கணேசன் அண்ணன் வாசலில் நின்று இதை எத்தனை முறை கேட்டிருப்பார்!

வலது கையை நடத்துவது மூளையின் இடது பாதி. பேச்சை உருவாக்கும் இடமும் பெரும்பாலும் அங்கேதான். ரத்தம் நின்றால் அந்த அணுக்கள் நிமிடக்கணக்கில் சாகும். "சாவி வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆளுக்குப் பேச்சு போயிருந்தது. உங்கள் கையில் ஃபோன் இருந்தது, வீடியோ எடுத்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் மூளை வீங்கி, மூச்சை நடத்தும் மூளைத்தண்டை அழுத்தியது. மறுநாள் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் ஒருவர், "நோகாமப் போய்ட்டாவ, குடுத்து வச்சவிய" என்றார். யாருக்குத் தெரியும்? பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் இடம் வேறு. அது கடைசிவரை வேலை செய்திருக்கலாம். "தாலி கட்டட்டும்" என்று நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கலாம். அதை நினைத்தால் உங்களோடு உட்கார்ந்து டீ குடிக்க முடியவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. டிராயரில் இருக்கும் சாவிகளை வெயிட்டிங் ஹாலில் தொங்கவிடுவேன். கீழே அக்கா சொன்னது இருக்கும்: "நீங்க வச்சுக்கோங்க. அவன் கையில வேண்டாம்."

2. முகம், கை, பேச்சு மூன்றையும் பார்த்துப் பக்கவாதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சனிக்கிழமை நம் ஆட்களுக்கே வகுப்பெடுப்பேன். முதல் வரிசை கணேசன் அண்ணனுக்கு.

3. ஆஸ்பத்திரிக்குப் போய் அக்கா கையிலிருந்து நான் எடுத்தது மண்டபத்து ஸ்டோர் ரூம் சாவியாம். மண்டபத்துக்காரர்கள் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். தரமாட்டேன். பூட்டை உடைத்துக்கொள்ளட்டும்.