இருபத்தெட்டு ராத்தல் கல்லும் ஒரு தொட்டித் தண்ணீரும்

ராத்தல் போய்க் கிலோ வந்த சமயம், நான் வேலை பார்த்த வெங்காய மண்டியில் பழைய இரும்பு எடைக்கற்களை ஒரு மூலையில் குவித்துவிட்டார்கள். மேலே கைப்பிடி வைத்த இருபத்தெட்டு ராத்தல் கல் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தேன். எனக்கு அப்போது உடம்புப் பித்து. திண்டுக்கல்லில் தெருவுக்கு நாலு பேர் கர்லாக்கட்டை சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு வாய்த்தது தராசுக் கல்.

விடிந்ததும் கொல்லைப்புறத்தில் காலை அகட்டி நின்று, கல்லை இரண்டு கால்களுக்கும் நடுவிலிருந்து வீசித் தலைக்கு மேலே கொண்டுபோவேன். வலக்கையில் ஐம்பது, இடக்கையில் ஐம்பது. முடிக்கும்போது உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும். குளிக்க இரண்டு வாளித் தண்ணீர் கேட்பேன்.

அந்தக் கோடையில் இரண்டு வாளி கேட்டது திமிர்தான். தெருக்குழாயில் வெறும் காற்று வந்தது. பேகம்பூர் போகும் வழியில் ஒரு நல்லதண்ணீர்க் கிணறு இருந்தது. அங்கிருந்து என் மனைவி குடத்தை இடுப்பில் சுமந்து வந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. வேடசந்தூர்ப் பக்கத்து வறண்ட ஊரில் பிறந்தவள். அரிசி களைந்த தண்ணீரில்தான் பாத்திரத்தை ஊறப்போடுவாள். சாம்பலால் துலக்கித் துணியால் துடைத்த பிறகே கொஞ்சம் தண்ணீர் காட்டுவாள். குளித்த தண்ணீர் முருங்கைக்குப் பாய வேண்டும் என்று, அதன் அருகே கிடந்த துவைகல்லில் நின்றுதான் நான் குளிக்க வேண்டும். அதுவும் ஒரே வாளி.

"வம்படியா இம்புட்டு வேர்வைய வரவழைக்கிறது, அப்பறம் அதக் கழுவத் தண்ணி கேக்குறது. இதெல்லாம் தேவையாங்க?" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அவ்வளவு பலசாலி ஒரு குடம் தண்ணீர் சுமந்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் ஒருவர் இறந்துவிட்டால், உறவு ஆண்கள் நீர்நிலைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்துத் தோளில் சுமந்து வருவார்கள். நீர்மாலை என்று அதற்குப் பெயர். அந்தத் தண்ணீரில்தான் இறந்தவரைக் குளிப்பாட்டுவார்கள். அதனால் ஆண்பிள்ளை மற்ற நாளில் தோளில் குடம் வைத்தால் ஆகாது என்பார்கள். அதை நான் நம்பினேனா என்று கேட்டால், இல்லை. அந்தச் சாக்கு எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அவளுக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவம் எங்கள் வீட்டிலேயே என்று முடிவாயிற்று. வீட்டில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும் என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கொல்லையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மண் தொட்டி வாங்கி வைத்தோம். அன்றாடச் செலவில் மிச்சம் பிடித்துப் பிடித்து, பத்து நாளில் அதை அவள் நிரப்பினாள். பனை ஓலைத் தடுக்கு ஒன்றால் மூடினாள். அதில் ஒரு சொம்பு கேட்டாலும் தரமாட்டாள்.

தொட்டியடியில் மண் குளிர்ச்சியாக இருந்தது. நான் அங்கே நின்று கல் வீச ஆரம்பித்தேன். தள்ளிப் போகச் சொன்னாள். போகவில்லை.

ஒரு நாள் காலை, இடக்கையில் முப்பதைத் தாண்டியபோது வேர்வையில் கைப்பிடி வழுக்கியது. கல் போய்த் தொட்டியின் விலாவில் மோதியது. பெரிய சத்தம்கூட இல்லை. தொட்டி இரண்டாகப் பிளந்து, பத்து நாள் தண்ணீரும் என் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

அவள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். என் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"கால்ல பட்டுருச்சா?"

இல்லையென்று தலையாட்டினேன். நிறைமாத வயிற்றோடு மெல்ல உட்கார்ந்து, ஓட்டுச் சில்லில் தேங்கியிருந்த தண்ணீரைத் துண்டால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தாள். அவள் என்னை வைதிருந்தால் தாங்கியிருப்பேன். அரை வாளிகூடத் தேறவில்லை.

உச்சிப்பொழுதுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எங்கப்பு?"

பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கிணற்றடியில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். முறை கேட்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. இறைத்து நிரப்பித் தோளில் தூக்கி வைத்தேன். நாலடி வைப்பதற்குள் எங்கள் தெருவில் தயிர் விற்கும் அம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஏலே, எறக்குடா! பிள்ளத்தாச்சி கெடக்குற வீட்டுக்கு நீர்மாலையா எடுத்துட்டுப் போற?"

"தொட்டி ஒடஞ்சு போச்சும்மா. வீட்டுல பொட்டுத் தண்ணியில்ல. அவளுக்கு வலி வந்துருச்சு" என்றேன். அழுதுவிட்டேன்.

அந்த அம்மாள் என் தோளிலிருந்து குடத்தைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். வரிசையில் நின்ற ஐந்தாறு பேரும் தங்கள் குடங்களை நிரப்பிக்கொண்டு அவள் பின்னால் கிளம்பினார்கள். தங்கள் வீட்டு உலைக்கு எடுக்க வந்த தண்ணீர் அது. நான் கடைசியில் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தேன். கல் தூக்கித் தூக்கி வளர்த்த கை.

பொழுது சாய்வதற்குள் பெண் பிறந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளையை என்னிடம் காட்டிவிட்டு, மனைவி மெல்லிய குரலில் கேட்டாள்: "தண்ணி கொண்டாந்தவுங்க வீட்டுக்கு மிச்சம் இருக்குங்களா?"

மறுநாளிலிருந்து சைக்கிளின் இரு பக்கமும் குடத்தைக் கட்டி நானே தண்ணீர் கொண்டுவந்தேன். வீட்டுக்குள் குழாய் வரும்வரைக்கும் அது என் வேலை. கல்லை மண்டிக்கே கொண்டுபோய்ப் போட்டேன்.

என் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. மருமகன்தான் நீர்மாலை எடுக்க வேண்டும் என்றார்கள். நானும் ஒரு குடம் நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். அன்றைக்கு யாரும் என்னைத் தடுக்கவில்லை.