சட்டை வாங்கி வைக்கும் உத்திராபதி

சிதம்பரம் கோயிலில் சபை ஏறிக் கும்பிட வேண்டுமானால் ஆண்கள் சட்டையைக் கழற்றியாக வேண்டும். இந்த ஒரு வழக்கத்தை வைத்தே பல வருஷம் சோறு தின்றவன் உத்திராபதி. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சக் கொட்டை, முகத்தில் பழுத்த பக்தி. கழற்றிய சட்டையோடு திருதிருவென விழிக்கும் வெளியூர்க்காரன் கண்ணில் பட்டால் போதும்.

"குடுங்க சார், நான் வெச்சிருக்கேன். நிம்மதியா கும்பிட்டுட்டு வாங்க."

மடிப்புக் கலையாமல் சட்டையைத் திருப்பியும் கொடுத்துவிடுவான். பையில் இருந்தது மட்டும் இருக்காது. பஸ் ஏறி டிக்கெட் எடுக்கும்போதுதான் வெளியூர்க்காரனுக்கு உறைக்கும்.

"படிச்சவன்தான் மச்சான் சீக்கிரம் நீட்டுவான். நம்ம மூளையெல்லாம் காலேஜில குடுக்கறதில்ல" என்று டீக்கடையில் சிநேகிதன் சாமிக்கண்ணுவிடம் பீற்றிக்கொள்வான். டீக்காசைச் சாமிக்கண்ணுதான் கொடுக்க வேண்டும். தன் பையிலிருந்து ஒரு ரூபாய் போனால் உத்திராபதிக்கு உயிரே போய்விடும்.

இந்த மேதையின் மகள் ரேகா, டீச்சர் டிரெயினிங் முடித்தவள். அப்பா கோயிலில் கைடு வேலை பார்ப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு இடம் தட்டிப்போன பிறகு, 2008 தையில் பெண்ணாடத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை எழிலன், ஆலையில் வேலை. மதியம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி, தரகர் மாப்பிள்ளையின் நம்பரையும் கொடுத்திருந்தார். அவர்கள் முகத்தை உத்திராபதி பார்த்ததில்லை.

அன்றைக்காவது சும்மா இருந்திருக்கலாம். காலையில் ஒரு பெரியவரின் சட்டை கைக்கு வந்தது. பையில் புது செல்போன். சட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவனுக்கு, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்களா என்று கேட்க வேண்டியிருந்தது. தன் போனில் பேசினால் காசு போகுமே. அந்தத் திருட்டுப் போனிலேயே நம்பரை அழுத்தினான். திரையில் இங்கிலீஷில் ஏதோ பெயர் வந்தது. அதையெல்லாம் யார் பார்ப்பது?

"மாப்ளைங்களா? பொண்ணோட அப்பா உத்திராபதி பேசறேன். கெளம்பிட்டீங்களா?"



"கோயில்லதான் இருக்கோம். கும்பிட்டுட்டு வரலாம்னு நெனச்சோம்" என்றான் எழிலன். "என் போன்ல 'அப்பா'ன்னு வருது. எங்கப்பா பக்கத்துல நின்னு சட்டப் பையத் தடவிக்கிட்டிருக்காரு. அந்தப் போனக் கீழ சன்னதித் தெரு பூக்கடையில குடுத்துடுங்க. உங்க வீட்டுக்கு நாங்க வரல."

பூக்கடையில் கொடுத்தானா என்றால் அதுவும் இல்லை. சிம்மைக் கழற்றிச் சாக்கடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். வாசலிலேயே பட்டுப்புடவையில் நின்றிருந்தாள் ரேகா.

"எப்பப்பா வருவாங்க?"

"வேணாம்மா அந்த எடம். விசாரிச்சிட்டேன்" என்றான், விபூதி கலையாத முகத்தோடு. "ஏமாத்துற கூட்டம்."