மொட்டு தூங்கி விழுந்த கதை

அக்காவுக்கு நாலே முக்கால் அடி உயரம். உடுப்புப் பிரிவில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவரை மேசைக்கு அடியில் கொண்டுபோய் உட்கார வைத்ததற்கு வேறு காரணமே கிடையாது. எங்களுடையது ஒரு தொலைக்காட்சித் தொடர். விண்கலத்தின் சரக்கறையில் ஒரு வேற்றுக்கிரகக் குழந்தை கிடைக்கிறது, ஒரே ஒரு வாரம் வந்துவிட்டுப் போய்விடும், பொம்மைக்குள் கையை விட்டு ஆட்ட ஆள் வேண்டும் என்றார்கள். மேசை குட்டை. வாட்டசாட்டமான ஆள் உள்ளே போனால் முழங்கால் வெளியே தெரியும். அதனால் அக்கா போனார். ஆறு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

அந்தக் குழந்தைக்கு மொட்டு என்று பெயர். அதன் கண்கள் என் பொறுப்பு. கேமராவில் படாத மூலையில் நான் ஒரு ரிமோட் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். அதில் ஒரு குமிழைத் திருகினால் விழி உருளும், இன்னொன்றைத் திருகினால் இமை மூடும். தலையும் உடம்பும் அக்காவின் வலது கை. மேசையில் போட்ட ஓட்டை வழியாக அந்தக் கையை மேலே தூக்கியபடியே இருக்க வேண்டும். எனக்கென்ன, நாற்காலியில் உட்கார்ந்து திருகுகிற வேலை. நான் கொடுத்து வைத்தவள்.

முதல் நாளே கூத்து நடந்தது. கேப்டனாக நடித்தவருக்கு வசனம் மண்டையில் ஏறவே இல்லை. பதினெட்டு தடவை எடுத்தார்கள். பதினெட்டாவது தடவையில் அக்காவின் கை ஓய்ந்துபோய், மொட்டுவின் தலை மெல்ல இடதுபக்கம் சரிந்தது. அக்கா திடுக்கிட்டு அதைத் தூக்கினார். மறுபடியும் சரிந்தது. மாட்டிக்கொண்டோம் என்ற பயத்தில் நான் இமையைப் பாதி மூடிவைத்தேன். பார்த்தவர்களுக்கு, கண் சொக்கியும் தூங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிற குழந்தையாகத் தெரிந்தது. இயக்குநர் சிரித்துவிட்டார். எங்கள் தலையெழுத்து அன்றைக்கு எழுதப்பட்டது.

ஒரு வாரத்துக்கு வந்த மொட்டு ஊரையே மயக்கிவிட்டது. வழுக்கைத் தலை, உப்பிய கன்னம், ஒரு வார்த்தை பேசத் தெரியாது. அதில் என்ன இருக்கிறது என்று நானும் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். சண்டை, வெடி, எரிகிற கிரகம் எல்லாவற்றுக்கும் நடுவில் அது பாட்டுக்குத் தூங்கி விழும். பார்க்கிறவர்களுக்கு ஓடிப்போய்த் தோள் கொடுக்கலாம் போல இருக்கும். நாள் முழுக்க உழைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள், தங்களால் முடியாததை அது செய்கிறதே என்று பார்த்தார்களோ என்னவோ.

ஆனால் அந்தச் சரிவைப் பொய்யாகச் செய்ய முடியவில்லை. ஒரு காலையில் முயன்று பார்த்தோம். மொட்டு எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போல இருந்தது. அதற்குப் பிறகு இயக்குநர் என்ற மகராசன் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மொட்டு வரும் காட்சிகளை எல்லாம் மாலைக்குத் தள்ளிவிடுவார். காலையிலிருந்து ஒத்திகை என்று அக்காவின் கையைத் தூக்கவைப்பார். கை இன்னும் பழுக்கவில்லை, இன்னொரு தடவை போகலாம் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா மறுபடியும் மேசைக்கடியில் புகுந்துவிடுவார்.

கையோ உள்ளுக்குள் கிழிந்துகொண்டிருந்தது. வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். தலை வாரக்கூடக் கை எழும்பாததால், தினமும் மகள்தான் சடை போட்டுவிடுவாள். அவளும் அடுத்த மாதம் படிக்க வெளியூர் விடுதிக்குப் போவதாக இருந்தது. "ஊரே என் கையைத் தூக்கி வெச்சுக் கொஞ்சுது. எனக்கு ஒரு சடை போட்டுக்க அது உதவலை" என்று அக்கா ஒருநாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தோளில் தசைநார் முக்கால்வாசி போய்விட்டது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. அதுவரை கையைத் தோளுக்கு மேலே தூக்கவே கூடாது. முழுசாக அறுந்தால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மொட்டுவின் கடைசிக் காட்சி. கேப்டனின் மார்பில் சாய்ந்து அது தூங்க வேண்டும், தொடர் முடிந்துவிடும். அக்காவுக்குப் பதிலாக, அரங்கம் போடுகிற தச்சரை எப்படியோ மடக்கி மேசைக்கடியில் திணித்தார்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் அவர் கை இம்மி ஆடவில்லை. மொட்டு மேடையில் உட்கார்ந்த கட்சித் தலைவர் மாதிரி விறைப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்தார்.

உங்களுக்குப் பைத்தியமா என்று அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"மூணு நிமிஷம்தானே. ஆறு வருஷமா நான்தான் தூங்க வெச்சேன். கடைசித் தூக்கத்துக்கு மட்டும் தச்சர் எதுக்கு?" என்றார்.

கேப்டன் வழக்கம்போல இரண்டு தடவை வசனத்தைக் கோட்டைவிட்டார். மூன்றாவது தடவை மொட்டுவின் தலை சரிந்தது, எழுந்தது, மறுபடி சரிந்தது. அப்புறம் எழவில்லை. பொத்தென்று அவர் மார்பில் விழுந்தது. மேசைக்கடியில் ஒரு முனகல் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. நிறுத்துங்கள் என்று நான் கத்தியிருக்க வேண்டும். ஆனால் ஆறு வருஷப் பழக்கம், என் கட்டைவிரல் தானாகக் குமிழைத் திருகியது. மொட்டுவின் இமைகள் மெதுவாக மூடின. கேப்டன் நிஜமாகவே அழுதார். இயக்குநர் ஒரு முழு நிமிஷம் கேமராவை ஓடவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அக்காவால் பொம்மையிலிருந்து கையை உருவ முடியவில்லை. கத்தரிக்கோலோடு குனிந்தேன். அக்காவின் முகமெல்லாம் வியர்வை. "துணியை வெட்டாதே. முதுகுத் தையல் வழியா பிரி" என்றார்.

அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது கை மார்பு வரைக்கும் வரும், அவ்வளவுதான். அந்தக் காட்சியைப் பார்த்து அழாத வீடு இல்லை என்கிறார்கள். என்ன நடிப்பு என்று இயக்குநருக்குக் கடிதங்கள் குவிகின்றன.

நாலு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, போன ஞாயிறு மத்தியானம் பார்க்கப் போனேன். மகள் விடுதிக்குப் போயிருந்தாள். அக்கா தலையை விரித்துப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"அன்னிக்கு நீ கண்ணை மூடலைன்னா, அப்பவே நிறுத்தியிருப்பாங்க இல்ல?"

"ஆமாக்கா. ஓடி வந்திருப்பாங்க."

நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

"கண்ணு திறந்திருந்தா செத்துப்போன மாதிரி தெரிஞ்சிருக்கும். பிள்ளைங்க பயந்திருக்கும். நீ மூடினது சரிதான்."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து சீப்பை நீட்டினார். எனக்குச் சடை போட வராது. மூன்று தடவை அவிழ்த்துப் போட்டேன். ரெண்டு குமிழைத் தவிர உனக்கு ஒரு எழவும் தெரியாதா என்று திட்டினார். நாலாவது தடவை பாதி போட்டிருந்தபோது திட்டு நின்றுவிட்டது. வலி மாத்திரையின் அசதியில் அவர் தலை மெல்ல இடதுபக்கம் சரிந்தது. எழவில்லை. எழுப்ப மனம் வராமல், அந்தத் தலைக்கு என் உள்ளங்கையை முட்டுக் கொடுத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் கை வலிக்க ஆரம்பித்தது.