இன்னாசியம்மாள் பிடித்த மெழுகுதிரி

தாடிக்கொம்பு ரோட்டில் குடியிருந்த இன்னாசியம்மாள், திண்டுக்கல் வெங்காய மண்டியில் பத்து வருசமாகக் கத்தரிக்கோல் பிடித்தவள். காலையில் மூட்டையைக் கொட்டினால் பொழுது சாயும்வரை தாளும் வேருமாக நறுக்கித் தள்ளவேண்டும்.

தொண்ணூற்றேழாம் வருசம் மழைக்காலத்தில் வலதுகைப் பெருவிரலிலும் அடுத்த ரெண்டு விரலிலும் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது. மணிக்கட்டுக் குடைச்சலில் கையை உதறிக்கொண்டேதான் விடியும். அப்புறம் வலி தணிந்து, மரமரப்பு நிலைத்துவிட்டது. தண்ணிச் செம்பு ரெண்டு தரம் கையிலிருந்து தானாக நழுவியது. பெரியாஸ்பத்திரி டாக்டர், மணிக்கட்டுக்குள்ளே நரம்பு நெரிபடுது, கைக்கு ஓய்வு குடு, இல்லேன்னா ஆபரேசன்தான் என்றார்.

அவள் ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை. மண்டிக்குத் தெரிந்தால் வேலைக்கு வராதே என்பார்கள். தம்பி ராயப்பராஜுக்குத் தெரிந்தால் வீட்டோடு உட்கார்த்திச் சோறு போடுவான். ரெண்டும் அவளுக்கு ஆகாது. பிடிவாதக்காரிதான், இல்லையென்று யார் சொன்னது?

கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்து அந்தத் தம்பிக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நீதான் ஞானத்தாய், நீதான் பிள்ளையை ஏந்தி நிற்கணும் என்று அவனும் பெண்டாட்டி வினோலியாவும் வந்து கூப்பிட்டார்கள். இன்னாசிக்குக் கண்ணுக்குள்ளே செம்பு விழுந்தது. கோயில் தரை கருங்கல் தரை.

மாட்டேன் என்றுவிட்டாள். காரணம் கேட்டதற்கும் மாட்டேன்தான்.

புருசனை இழந்து, பிள்ளையும் இல்லாதவள் அவள். வினோலியாவுக்கு வேறென்ன தோணும்? "பெத்தவ வயிறு எரியுதுன்னா சொல்லலாம். பெறாதவ வயிறுல்ல எரியுது" என்று இவள் காதில் விழும்படியே சொன்னாள். இன்னாசி அதையும் முழுங்கினாள். அதற்குப்பிறகு பிள்ளையைப் பார்க்கக்கூடப் போகவில்லை. எங்கே கையில் குடுத்துவிடுவார்களோ என்று பயம்.

ஞானஸ்நானத்தன்று வினோலியாவின் தங்கச்சி ரீனா பிள்ளையை ஏந்தினாள். கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற அக்காவை ராயப்பராஜ்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து, இதையாவது பிடி என்று மெழுகுதிரியைக் குடுத்தான். விரலை நம்பாமல், கண்ணாலேயே திரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் இன்னாசி. சாமியார் பிள்ளை தலையில் தண்ணி ஊற்றினார். பிள்ளை வீரிட்டது. அவள் பார்வை பிள்ளைமேல் போய்விட்டது. திரி சாய்ந்தது. மெழுகு உருகிப் பெருவிரலில் வழிந்தது, அடுத்த விரலில் சொட்டியது.

வினோலியா பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னாசி முகத்தில் ஒரு சுளிப்பு இல்லையே.

"மதினி, சுடலையா?"

"எது?" என்றாள் இன்னாசி.

பிறகு குனிந்து கையைப் பார்த்தாள். வெள்ளையாக உறைந்துகிடந்தது. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. வினோலியா திரியை வாங்கிப் புருசனிடம் குடுத்துவிட்டு, நகத்தால் மெழுகைப் பெயர்த்தாள். கீழே தோல் சிவந்து பொக்குளம் கட்டியிருந்தது.

"எம்புட்டு நாளா இப்பிடி?"

"மழைக்காலத்திலேருந்து. பிள்ளையைக் கீழ போட்டுருவனோன்னுதான்..."

வினோலியா கோயில் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, ரீனாவிடமிருந்து பிள்ளையை வாங்கி இன்னாசி மடியில் கிடத்தினாள். தன் கையையும் அடியில் குடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள்.

"மண்டியில லோடு இறங்குதே" என்றாள் இன்னாசி. பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.