தகரத்தில் அடித்த பெயர்

சென்ற சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப்போய் ஒரு வீட்டின் அழைப்புமணியைப் பார்த்துவிட்டு வந்தேன். அழுத்தவில்லை. உள்ளே இருப்பவர்களோடு எனக்கு ஒரு சோலியும் இல்லை. மணிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைத்தான் பார்க்கப் போனேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து 'வைத்திலிங்கம்' என்று பித்தளையில் மினுங்கிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 'கிறவுஸ' என்று ஒரு ஜெர்மன் பெயர் இருக்கிறது. வயிறு குளிர்ந்துபோய்விட்டது. வயது நாற்பதைத் தாண்டிய ஒருத்தி செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் கதையைக் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் மீன் வைத்த பணிஸ் ஒன்றைப் பிரித்துச் சாப்பிட்டார். மற்றவர்கள் யன்னலைத் திறந்தார்கள். எனக்கோ அந்த மணம் அப்பாவின் மணம். அப்பா செய்த முதல் விசில் மீன் அடைத்து வருகிற தகர ரின்னில்தான் செய்தது. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் ஊதும்போது ஒரு மீன் வாசம் மூக்கில் ஏறும்.

அப்பா ஊரில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். கழுத்தில் விசில் இல்லாமல் அவருக்கு இருக்கத் தெரியாது. ஜெர்மனிக்கு வருகிற வழியில் எல்லாவற்றோடும் அந்த விசிலும் போய்விட்டது. அகதி முகாமில் வேலை செய்ய அனுமதி இல்லை. நாள் முழுக்கச் சும்மா இருந்த மனிதர், உணவுப் பொதியில் வந்த மீன் ரின்னை வெட்டி, நிலம் கூட்டுகிற தும்புத்தடியின் காம்பில் வளைத்து, ஈயம் பற்றவைத்து, உள்ளே ஒரு காய்ந்த பட்டாணியைப் போட்டு ஊதிப் பார்த்தார். முகாம் காவலாளி ஓடிவந்து பறித்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை அதே காவலாளி, தன் மகனுக்கும் ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார்.

பிறகு பழைய சாமான் சந்தையில் ஒரு மரப்பெட்டி வாங்கினார். உள்ளே இரும்பில் எழுத்து அச்சுகள், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்று. தகரத்தில் நிறுத்திச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் எழுத்துப் பதியும். அன்றிலிருந்து ஒவ்வொரு விசிலிலும் தில்லையம்பலம் என்று தன் பெயரை ஜெர்மன் எழுத்தில் அடித்தார். அந்தப் பெயர் ஒரு விசிலின் நீளத்துக்குள் அடங்குகிற பெயரா? வாய்ப்பக்கத்தில் தொடங்கிச் சுற்றி வளைந்து அடிப்பக்கத்தில் முடியும். பெயரில் A நாலு தரம் வரும். அதனால் A அச்சுத்தான் முதலில் தேய்ந்தது.

இங்கே பெயர் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் வன்மம் உங்களுக்கு விளங்காது. எங்கள் ஆட்கள் தகப்பன் பெயரை முன்னால் எழுதி, சொந்தப் பெயரைப் பின்னால் எழுதுவார்கள். இங்கத்தை அரசாங்கக் கந்தோர்க்காரர்கள் கடைசியில் நின்ற பெயரைக் குடும்பப்பெயர் என்று பதிந்துகொண்டார்கள். அப்படி ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு குடும்பமாகிப் போனார்கள். அப்பா வீட்டார் நாங்கள் தில்லையம்பலம். அவருடைய தமையன் வீட்டார் வைத்திலிங்கம். அந்தப் பெரியப்பாவுக்கு இரண்டு பெடியன்கள். அப்பாவுக்கு நான் ஒருத்தி.

பெரியப்பா அப்பாவுக்கு முன்பே வந்தவர். கடை, வீடு, கார் எல்லாம் இருந்தது. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கு வருடா வருடம் கூடாரம் போட்டுக் காப்பும் விளையாட்டுச் சாமானும் விற்பார். அப்பாவின் விசில்களையும் ஒரு மூலையில் பரப்ப இடம் கொடுத்தார். அதற்காக அம்மா அவரைக் கும்பிடாத குறை. நானும் புதுப் பாவாடை சட்டையோடு அந்த மூலையில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் ஊதிக் காட்டுவேன். என் கன்னங்கள் இன்றைக்கும் கொஞ்சம் உப்பியிருப்பதற்கு அதுதான் காரணம் என்று என் மனுசன் சொல்லுவார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். தேர் கால்வாய்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, கூடாரத்துக்குள் நல்ல சனம். ஒரு அக்கா விசிலைத் திருப்பிப் பார்த்து, இதில் என்ன பெயர் அடித்திருக்கிறது என்று கேட்டார். அப்பா வாயைத் திறக்கமுதல் பெரியப்பா சொன்னார்.

"தம்பிக்குப் பெடியன் இல்லைத்தானே. பேரைத் தகரத்தில அடிச்சாத்தான் உண்டு."

சனம் சிரித்தது. அந்த அக்காவும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார், அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க ஏலாது. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளை பக்கத்தில் நிற்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா கோபிக்கவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அடுத்த வருடமும் அதே மூலையில் விசில் பரப்பினார். ஆனால் ஒன்றிலும் பெயர் இல்லை. மொட்டையாக மினுங்கின. எழுத்துப் பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விட்டது. ஏனப்பா அடிக்கவில்லை என்று கேட்டேன். நேரம் இல்லை பிள்ளை என்றார். நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத மனிதர் அவர். அன்று இரவு நான் அம்மனிடம் பெரியப்பாவுக்காக ஒரு நேர்த்தி வைத்தேன். என்ன நேர்த்தி என்று இங்கே எழுத ஏலாது, அம்மனும் அதை நிறைவேற்றவில்லை. அதனால் நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அப்பா என் கலியாணத்துக்கு முந்திய வருடம் போய்ச் சேர்ந்தார். எழுத்துப் பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். கலியாணம் பேசும்போதே மாப்பிள்ளையிடம் ஒரேயொரு நிபந்தனை வைத்தேன். என் பெயர் மாறாது, பிறக்கிற பிள்ளைக்கும் என் பெயர்தான். பதிவுக் கந்தோரில் அந்த ஜெர்மன் பெண்மணி இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார். என் மனுசன் தோளைக் குலுக்கினார். "எங்கட அப்பான்ர பேரைச் சொல்ல அண்ணாமார் நாலுபேர் இருக்கினம். இதை நீ வைச்சுக்கொள்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய குறட்டையை இன்றுவரை பொறுத்துக்கொள்கிறேன்.

மகள் பிறந்தாள். மிதிலா என்று வைத்தேன். எண்சாத்திரப்படி நல்ல பெயர் என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மை என்னவென்றால், அந்தப் பெயரை அடிக்கத் தாத்தாவின் பெயரில் இருக்கிற எழுத்துகளே போதும், பெட்டியில் வேறொன்றையும் தொடத் தேவையில்லை.

அம்மன் இதற்கிடையில் தன் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தார் போலும். பெரியப்பாவின் மூத்தவன் ஒரு ஜெர்மன்காரியைக் கலியாணம் முடித்து, ஜெர்மனில் பன்னிரண்டு எழுத்து வருகிற பெயர் வேலையிடத்தில் ஒருத்தர் வாயிலும் வருகுதில்லை என்று, மனைவியின் பெயரை எடுத்துக் கிறவுஸ ஆனான். இளையவன் அவனைப் பார்த்துத் தன் மனைவியின் பெயரில் ஹோவ்மன் ஆனான். பேரப்பிள்ளைகள் எல்லாம் கிறவுஸவும் ஹோவ்மனும். செய்தி வந்த அன்று கேசரி கிண்டினேன். என்ன விசேஷம் என்று மனுசன் கேட்டார். ரவை பழுதாகப் போகுது என்றேன்.

விசில் செய்யவும் பழகினேன். கலை வளர்க்கிற நோக்கமெல்லாம் இல்லை, முழுக்க முழுக்க வஞ்சம். கையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். என் விசில்கள் கார் ஏறிய மாதிரி இருக்கும், பாதி ஊதாது. ஆனால் ஒவ்வொன்றிலும் தில்லையம்பலம் என்ற பெயர் ஆழமாக, கோணாமல் இருக்கும். திருவிழாவில் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய தேருக்கு, பெரியப்பா கால்வாய்க்கரையில் மடக்குக் கதிரையில் தனியாக இருந்தார். கூடாரம் எப்போதோ கைமாறிவிட்டது. பெடியன்கள் வரவில்லை, விடுமுறைக்கு ஸ்பெயின் போய்விட்டார்களாம். மிதிலா அவர் முன்னால் நின்று ஊதினாள். அவர் கூப்பிட்டு, ஆரின்ர பிள்ளை நீ என்று கேட்டார். அவள் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல நிமிர்ந்து நின்று, மிதிலா தில்லையம்பலம் என்றாள். பெரியப்பா விசிலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெயரை விரலால் தடவித் தடவி வாசித்தார். சுற்றி முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, ஒண்டில என்ர பேரையும் அடிச்சுத் தாவன்."

அந்தக் குரலில் பழைய மிடுக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் என்றால் மனம் இளகியிருப்பீர்கள். நல்லவர்கள் நீங்கள். நான் அவருடைய கையிலிருந்து விசிலை மெதுவாக எடுத்தேன்.

"உங்களுக்கேன் பெரியப்பா தகரம்? இரண்டு பெடியள் இருக்கினம்தானே" என்றேன்.

அவருக்கு ஞாபகம் வந்தது. முகத்தில் பார்த்தேன். அதற்காகத்தான் அத்தனை வருடம் காத்திருந்தேன்.

இந்த மாசியில் அவர் போய்விட்டார். மூத்தவன் அவருடைய வீட்டுக்குக் குடிவந்து பித்தளைத் தகட்டைக் கழற்றிவிட்டு, தன் பெயரைப் போட்டிருக்கிறான். முகாம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். மீன் ரின்கள் காகிதம் மாதிரி மெலிந்துவிட்டன, வளைத்தால் கிழிகின்றன. திருவிழாவில் பிள்ளைகள் ஊதுவது பிளாஸ்ரிக் விசில், என்னுடையதை ஊதிக் களைத்துப்போய் எறிந்துவிட்டு அதை வாங்குகிறார்கள். வைத்திலிங்கம் என்று ஒரு குடும்பப்பெயர் இந்த ஊரில் எந்தக் கதவிலும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்து எழுத்துப் பெட்டியைத் திறந்தேன். மிதிலா வந்து பக்கத்தில் குந்தினாள். A மொட்டையாகிவிட்டது, L ஒரு பக்கம் சரிந்துவிட்டது. வைத்திலிங்கத்துக்கு மட்டும் வேண்டிய V, N, G மூன்றும் சந்தையில் வாங்கிய அன்று இருந்தபடியே கூராகக் கிடந்தன.

"அம்மா, இது மூண்டும் ஏன் தேயேல்லை?" என்று கேட்டாள்.

தேவைப்படேல்லை என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினேன்.