மூன்று ஞாயிறு கேட்சர்

பேஸ்போலில் எட்டுப் பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்க, கேட்சர் மட்டும் அவர்களுக்கு எதிரே குந்தியிருந்து பந்து பிடிப்பான். புது நாட்டில் புது வேலைக்குப் போய் முழித்த உங்களுக்கு என் பாடு விளங்கும்.

ஆள் தேவை

சுவிஸின் பேர்ண் நகரில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் ரேட்டோ, மேல்பிரிவில் ஆடும் பேஸ்போல் குழுவொன்றில் பந்து எறிபவன். நான் தமிழ்க் கழகத்தில் பதினொரு வருடம் விக்கெட் கீப்பர். ஒருநாள் கரட் வெட்டும்போது, தங்கள் கேட்சர் லூகாஸ் ஆமிக்கு, அதாவது இராணுவத்துக்குப் போகிறான் என்றான் ரேட்டோ. நான் கத்தியைக் கீழே வைத்தேன். ஆமிக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவன் நான். இங்கே அது மூன்று வாரப் பயிற்சிதானாம், அதுவரை அவனுடைய இடத்தில் என்னைப் பிடிக்கக் கேட்டான்.

மிச்சமிருந்த மூன்று ஆட்டத்தில் ஒன்றையாவது வென்றால்தான் குழு மேல்பிரிவில் நிற்கும். நன்றாகப் பிடித்தால் லூகாஸ் வந்த பிறகும் என்னை வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஆசை. ஆனால் விதிகள் ஒன்றும் தெரியாதே என்றேன்.

“நீ பந்தைப் பிடி, மிச்சத்தைப் போகப்போகச் சொல்லித்தாறன்.”

முதல் ஞாயிறு

ஆட்டம் சமநிலை. எதிரணிக்காரன் ஒருவன் என்னை நோக்கி ஓடிவந்தான். பந்து அவனுக்கு முன்னமே என் கைக்கு வந்துவிட்டது. பதினொரு வருடப் பழக்கம் விடுமா? ஸ்டம்ப் இல்லாததால், தரையில் இருந்த வெள்ளைத் தகட்டை மிதித்து, இரண்டு கையையும் தூக்கி “அவுட்!” என்று கத்தினேன். அவன் சறுக்கி வந்து சாவகாசமாகத் தகட்டைத் தொட்டான். பந்தோடு ஆளைத் தொட வேண்டுமாம். அந்த ஒரு ஓட்டத்தால் தோற்றோம். வெட்கத்தில் நான் முகமூடியைக் கழற்றவில்லை. எல்லாருக்கும் சாப்பிட ரோல்ஸ் கட்டிக்கொண்டு பார்க்க வந்திருந்த என் மனைவி சுகந்திக்கும் விளங்கவில்லை.

“அந்தாள் உங்கடை காலடியிலைதானே கிடந்தவர், ஒருக்காத் தொட்டால் என்னப்பா?”

இரண்டாம் ஞாயிறு

அன்று ஒருவரையும் விடவில்லை. ஓடிவந்தவனைத் தொட்டேன், அடிக்க நின்றவனைத் தொட்டேன், புழுதிக்குள் தெரிந்த ஒரு காற்சட்டையையும் தொட்டேன். அது நடுவருடையது. அந்த ஆட்டத்திலும் தோற்றோம். போகும்போது நடுவர் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

“தம்பி, நான் விளையாடேல்லை.”

மூன்றாம் ஞாயிறு

கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னுக்கு. இன்னும் ஒருவனை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். ஆனால் எதிரணி ஓடி வந்து நிற்கும் மூன்று தளத்திலும் ஆட்கள். அடித்த பந்தை ரேட்டோ பொறுக்கி என்னிடம் எறிந்தான். பிடித்தேன். கால் தகட்டில்தான் இருந்தது. இந்தமுறை பிழை விடக்கூடாது என்று தகட்டை விட்டு இறங்கி, வந்தவனைத் தொடப் பாய்ந்தேன். அவன் வளைந்து போய்த் தகட்டைத் தொட்டான். நான் அவனைத் துரத்த, அடுத்தவனும் வந்து சேர்ந்தான். இரண்டு ஓட்டம் போய், ஆட்டமும் மேல்பிரிவும் முடிந்தது.

மூன்று தளமும் நிறைந்திருந்தால் ஆளைத் தொடத் தேவையில்லையாம், தகட்டை மிதித்தாலே அவுட்டாம். முதல் ஞாயிறு செய்த அதே வேலை! எனக்கு அழுகை வந்தது. ரேட்டோ வந்து பக்கத்தில் குந்தினான். மறுநாள் லூகாஸ் ஆமியிலிருந்து திரும்புகிறான் என்பது இருவருக்கும் தெரியும்.

“அதை அடுத்த ஞாயிறு சொல்லித்தரலாம் எண்டு இருந்தனான்.”

சுவிஸின் மேல்பிரிவில் பேஸ்போல் ஆடியவன் என்று நான் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம், எப்போது கால், எப்போது கை என்று மட்டும் நீங்கள் கேட்காமல் இருந்தால்.