அட்டவணையில் விடுபட்ட வரி

2024 ஜூன் 19, புதன்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பம், சார்பு நீதிமன்றம். மனுதாரர் ஞானாம்பாள், வயது நாற்பத்தொன்று, சிதம்பரம். கணவர் கடலூரில் தனியார் கிடங்கு ஒன்றின் சுவர் இடிந்து இறந்தவர். கேட்கும் இழப்பீடு பதினைந்து இலட்சம். அதற்கான நீதிமன்றக் கட்டணம் நாற்பத்தைந்தாயிரம். கட்ட வழியில்லை, விலக்கு வேண்டும் என்பது மனு. அதனுடன் இணைத்த சொத்து அட்டவணையை உதடு அசையப் படித்தபடி தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார் வக்கீல் குமாஸ்தா காத்தவராயன்.

சிதம்பரத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டண விலக்கு மனு என்றால் அவர்தான். மனுதாரர் சொல்வதைக் கேட்டு எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. வீட்டுக்கே போவார். "நீ சொல்றது வேணாம்மா, கண்ணுல காட்டு" என்பார். பரண்மேல் ஏறுவார், அரிசி டின்னுக்குள் கைவிடுவார், ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "இது யாரு ஆடு?" என்று தெருவையே விசாரிப்பார். பாத்திரம் பண்டம் கணக்கில் வராது என்று சட்டமே சொன்னாலும், கரண்டிவரை எண்ணிய பிறகுதான் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பார். ஒரு பொருளை மறைத்தது தெரிந்தாலும் மனு தள்ளுபடியாகிவிடும். "அரசு வக்கீலு நம்ம வூட்டு ஒட்டடையக்கூட கேப்பாரு. அதுக்கு முன்னால நாம சொல்லிடணும்."

இளைய வக்கீல்கள் அவரை "அமீனா மாமா" என்று சீண்டுவார்கள். "ஜப்திக்கு வர்றவன் எடுத்துக்கிட்டுப் போவான். நான் எழுதிக்கிட்டுதானய்யா போறேன்" என்று அவரும் சிரிப்பார்.

ஞானாம்பாள் வீட்டில் பதினோரு உருப்படிகள் தேறின. பன்னிரண்டாவதை எழுதப் போனபோது அவள் இரு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

"இத எழுதாதீங்கண்ணே. பவுனு தோட்ட அவரு வித்துட்டு, கவரிங்கு வாங்கிப் போட்டாரு. அவுங்க அக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சா செத்தவர ஏசுவாங்க."

காத்தவராயன் பேனாவை மூடினார். இத்தனை ஆண்டுகளில் அவர் அறிந்தே விட்ட ஒரே வரி அது.

இப்போது அந்த அக்கா சௌந்தரம், துணைக்கென்று வந்து அவர் பக்கத்திலேயே நின்றாள். "எந்தம்பி போட்ட தோடு. கஞ்சிக்கு இல்லன்னாலும் அத விக்கல பாருங்க" என்றாள். காத்தவராயன் ஞானாம்பாளிடம் தோட்டைக் கழற்றச் சொல்ல வாயெடுப்பதற்குள் டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

அரசு வழக்கறிஞர் சுற்றி வளைக்கவில்லை.

"காதுல என்னம்மா?"

"தோடுங்க."

"எத்தன பவுனு? அட்டவணையில காணோமே."

அவள் பின்வரிசையில் இருந்த சௌந்தரத்தைப் பார்த்தாள். சௌந்தரம், தைரியமாகச் சொல் என்பதுபோல் தலையாட்டினாள். குமாஸ்தாவுக்கு அங்கே வாய் திறக்க உரிமை இல்லை. அவர் கையிலிருந்த நகல் கசங்கியது.

"கேக்கறது காதுல விழுதா? எத்தன பவுனு?"

ஞானாம்பாள் திருகாணிகளைச் சுழற்றினாள். தோடுகளைக் கழற்றிச் சாட்சிக் கூண்டின் விளிம்பில் வைத்தாள்.

"பவுனு இல்லீங்க. கவரிங்கு."

நீதிபதி ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கறுத்திருந்தது. "இதையும் அட்டவணையில் சேர்த்து இன்றைக்கே தாக்கல் செய்யுங்கள். மனுவை அனுமதிக்கிறேன்" என்றார்.

சௌந்தரம் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். காத்தவராயன் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கசங்கிய தாளைத் தொடைமேல் வைத்து நீவிவிட்டு எழுதினார்:

வரிசை எண் 12. கவரிங் தோடு, ஒரு சோடி. மதிப்பு ரூ. 120.